வரப்பில் வாடை பார்ப்பவர்கள்

என் வீட்டுக்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். காலடிச் சத்தத்தை வைத்து அல்ல, வாடையை வைத்து. கத்தரிக்கு அடித்த நாளென்றால் ஒரு வாடை, மல்லிப் பூவுக்கு அடித்த நாளென்றால் வேறு வாடை. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் திரும்பாமலே, "சட்டைய வெளியவே கழட்டிப் போடு" என்பேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் சாயங்காலத்தில் எங்கள் முதல் பேச்சு இதுதான்.

அவர் மருந்து அடிக்கிற ஆள். ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் ஏரித் தண்ணீர் பாய்கிற எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருந்து என்றால் அதுதான். காய்ச்சலுக்குத் தின்பதை மாத்திரை என்போம், குழப்பம் வராது. நிலக்காரர்கள் மருந்தை வாங்கி வைத்துவிட்டு இவருக்குப் போன் செய்வார்கள். இவர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூலிக்கு அடிக்க வருகிறவன் மருந்தில் பாதியை ஒளித்துவைத்துவிட்டு வெறும் தண்ணீரை அடித்துவிடுவான் என்று நிலக்காரர்களுக்கு நிரந்தரமான ஒரு சந்தேகம். அதனால் சாயங்காலம் வரப்பில் வந்து நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பார்கள். வாடை அடித்தால் ஆள் யோக்கியன். அடிக்காவிட்டால் திருடன். இதற்கு மேல் விசாரணை கிடையாது. என் வீட்டுக்காரர் அடித்தால் அடுத்த வயல் தாண்டியும் வாடை வரும் என்று பெயர். அவருடைய நைனா இதே ஊரில் பிறர் நிலத்தில் உழுதே காலம் தள்ளியவர். சர்க்கார் கொடுத்த கொஞ்சம் நிலத்தைக் கடைசிக் காலத்தில்தான் கண்ணால் பார்த்தார். அந்த நைனாவின் மகனுக்கு நிலக்காரர்கள் வாயால் கிடைத்த ஒரே நல்ல பெயர் இந்த வாடை. அதை அவர் பெரிதாக நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் மோந்து பார்க்கப்பட்டது நான் இல்லையே.

அந்தப் பெயருக்கு அவர் உடம்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சில நாள் வந்ததும் வாசலிலேயே வாந்தி எடுப்பார். கை நடுங்கும், கண் மங்கலாகத் தெரிகிறது என்பார். "மருந்து ஏறிடுச்சு" என்று சொல்லி மோர் குடித்துப் படுப்பார், மறுநாள் டேங்கை எடுப்பார். ஒருமுறை மூச்சுவிட முடியாமல் போய் ஆட்டோவில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இந்த வேலையை விடாவிட்டால் இன்னொரு முறை நீங்கள் கொண்டுவந்து பயனில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னதற்கு, "விட்டுட்டு இன்னா துன்றது?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது, எங்கள் மகளிர் சங்கத்துக்கு அந்தத் திட்டம் வந்தபோது. மருந்தைக் குறைக்க வேண்டும் என்று சர்க்கார் முடிவெடுத்திருந்தது. ஊருக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்து, பயிருக்கு அடிக்க இலைக் கஷாயம் காய்ச்சுவதையும் பூச்சிகளைக் கண்காணிப்பதையும் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டும். பத்தாவது வரை தெலுங்கில் படித்தவள், வீட்டில் தமிழ் பேசுகிறவள், வாயும் கொஞ்சம் நீளம் என்று என்னைச் சேர்த்தார்கள். திருப்பதியில் பயிற்சி. பலமனேருக்கு அழைத்துப்போய் மருந்தில்லாத தக்காளித் தோட்டத்தைக் காட்டினார்கள்.

காலையில் புருஷன் மருந்து அடிக்கப் போகிறான், பின்னாலேயே பெண்டாட்டி மருந்து அடிக்காதீர்கள் என்று சொல்லப் போகிறாள். ஊருக்கு வேறு என்ன வேண்டும்? டீக்கடையில், "உங்க வூட்ல ராத்திரிக்கு யாரு ஜெயிப்பாங்க?" என்று கேட்பார்கள். "சோறு ஆக்கறவதான்" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. சொல்லிக் கொடுப்பவள் முதலில் தன் நிலத்தில் செய்துகாட்ட வேண்டும். ஒரு போகம் மருந்தில்லாமல் நன்றாக வந்துவிட்டால், எங்கள் சங்கத்துக்கே ஒரு கஷாய நிலையம் வைத்துத் தருவார்கள். காய்ச்சுவதற்கும், கேட்பவர் நிலத்துக்குப் போய் அடிப்பதற்கும் ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும். அந்த ஆள் யார் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பூமித்தாயைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் நன்றாகத்தான் பேசுவேன். உள்ளுக்குள் எனக்கு இருந்தது ஒரே எண்ணம். இந்த மனுஷன் முதுகிலிருந்து அந்த மருந்தை இறக்க வேண்டும்.

கத்தரி வைத்தோம். எல்லாரும் கத்தரிக்குத்தான் அதிகம் அடிப்பார்கள், அதனால் அதிலேயே காட்ட வேண்டும் என்று எங்கள் மேற்பார்வை மேடம் சொன்னார். சித்தூர் பக்கத்துப் பெண், தெலுங்குதான் பேசுவார், தமிழ் முழுக்கப் புரியும். ஓரத்தில் சோளமும் சாமந்தியும் நட்டோம். மஞ்சள் அட்டைகள் தொங்கவிட்டோம். வேப்பிலை, எருக்கு, சீதா இலை, பூண்டு, மிளகாய் எல்லாம் மாட்டு மூத்திரத்தில் போட்டுக் காய்ச்சினேன். அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அடிப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. காலையில் கூலிக்கு யார் நிலத்திலாவது மருந்து, சாயங்காலம் டேங்கைக் கழுவி எங்கள் நிலத்தில் கஷாயம். இரண்டு வாடையும் கலந்து வீட்டுக்கு வருவார்.

முதலில் நாங்கள் பட்டதைச் சொல்லி மாளாது. குருத்தெல்லாம் புழு துளைத்துத் தலை தொங்கியது. காயை நறுக்கினால் உள்ளே ஆள் இருக்கிறார். எங்கள் நிலத்துக்கு மேலே மேட்டு நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தினமும் வரப்பில் வந்து நிற்பார். எங்கள் பக்கத்தில் தலைமுறையாகப் பயிர் வைக்கிற குடும்பம், ஊரில் அவர் சொன்னால் எடுபடும். வழக்கப்படி மூக்கைத் தூக்குவார்.

"இன்னாடா, மாட்டுக் கொட்டாயில நிக்கிற மாதிரி கீது. மருந்து அடிச்சியா, மூத்திரம் பேஞ்சியா?"

கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவர் டேங்கைக் கழுவிக்கொண்டே இருப்பார். நான் மட்டும், "உங்க வூட்டுக்கு கெணத்து பக்கத்துல ரெண்டு சால் கத்தரி மருந்து அடிக்காம வெச்சிகிறீங்களே, அது இன்னா வாடை வருது?" என்று கேட்பேன். எல்லா நிலக்காரர்களும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். சந்தைக்குப் போகிற காய் வேறு, வீட்டுக்குழம்புக் காய் வேறு. அவர் நடந்துவிடுவார்.

பிறகு நிலம் தெளிந்தது. குருத்து நிமிர்ந்து, காயும் சொத்தையில்லாமல் வந்தது. மேடம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லா ஊர் பெண்களும் கைகூப்பிப் பூ அனுப்பினார்கள். திருப்பதியில் மருந்தில்லாக் காய் விற்கிற கடைக்கு எங்கள் காயையும் எடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. கைக்குழந்தைக்காரிகள் தேடி வந்து வாங்குகிற கடை அது. ஊர் விவசாயிகளையெல்லாம் எங்கள் நிலத்துக்குக் கூட்டிவந்து காட்டுவதென்றும், அன்றே நிலையத்தை அறிவிப்பதென்றும் மேடம் நாள் குறித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பொறிவண்டைக் காணோம். முதுகில் புள்ளி வைத்த சிவப்பு வண்டு. அசுவினிப் பூச்சியைத் தின்று நமக்கு உதவுவது. நிலம் கெட்டுக் கிடந்தபோதுகூட இலைக்கு அடியில் இருந்தது. இப்போது செடி செழித்து நிற்கிறது, வண்டு இல்லை, சிலந்தியும் இல்லை. மேடத்திடம் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குனிந்து களை எடுக்கும்போது பார்த்தேன். தரையில் வண்டுகள் மல்லாந்து கிடந்தன. காற்றில் உருண்டு பாத்தி ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன.

அன்று ஊரில் கல்யாணம், யாரும் இவரைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. எங்கள் நிலத்துக்குக் கஷாயம் அடித்துவிட்டு மட்டும் வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலேயே வந்துவிட்டது வாடை. கத்தரிக்கு அடிக்கிற மருந்து வாடை. அதை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன்.

"இன்னிக்கு யாரு நெலத்துக்குப் போன?"

"நம்ம நெலத்துக்குத்தான்."

"மருந்து வாடை எங்கிருந்து வந்துது?"

வாசலிலேயே நின்றார். சட்டையைக் கழற்றவும் இல்லை.

"ஒரு மூடிதான் மே" என்றார். "டேங்குக்கு ஒரு மூடி. மிச்சமெல்லாம் உன் கஷாயம்தான்."

களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே விட்டு எழுந்தேன். என்ன கேட்டேன் என்பதெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை. நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் அவர் பேசினார்.

"உன்ன வெச்சி சிரிச்சிக்கினு இருந்தானுங்க. பயிர் போயிட்டா உன்ன இன்னும் சிரிப்பானுங்க. என்னையும் மோந்து மோந்து பாக்கறாங்க. வாடை இல்லாத டேங்க தூக்கிக்கினு நான் இன்னா சொல்லிக்கினு நிப்பேன்? இத்தினி வருசம் எவனும் என்ன திருடன்னு சொன்னதில்ல மே."

எனக்குக் கோபம் இறங்கவில்லை. அழுகையும் வந்தது, அதுதான் சங்கடம். இந்த ஆளைக் காப்பாற்ற நான் கஷாயம் காய்ச்சினேன், என்னைக் காப்பாற்ற இந்த ஆள் அதில் மருந்து ஊற்றியிருக்கிறார். எங்கள் ஊரில் வேறு யாராவது இதைச் செய்திருப்பார்களா என்று யோசித்தேன். வரப்பில் மூக்குக்குப் பதில் சொல்லியே பழகிய எந்த ஆளும் செய்திருப்பான் என்று தோன்றியது.

சும்மா இருந்துவிடலாம் என்றார். நாளை முதல் ஊற்ற மாட்டேன், நிலையம் வரட்டும், பிறகு எல்லாம் ஒழுங்காகச் செய்வோம் என்றார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நிலையம் வந்தால் இவர் மருந்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மேட்டு நிலத்துக்காரர் எங்கள் பயிரைப் பார்த்து நம்பி வெறும் கஷாயம் அடித்தால் அவர் பயிர் இப்படி உடனே நிமிராது, அப்போது அங்கேயும் ஒரு மூடி போகும். அப்புறம் ஊர் முழுக்கப் போகும். திருப்பதிக் கடையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காய் பொறுக்குகிற பெண்ணையும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் கடைக்கு வண்டி வந்தது. காய் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். இவரிடம், "மேடம் வர்ற அன்னிக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று கேட்டேன். அவர் டேங்கைத் தூக்கிக்கொண்டு கூலிக்குப் போனார்.

இரண்டே நாளில் அந்த நாள் வந்தது, செடியில் பழைய வாடை இன்னும் போகவில்லை. விவசாயிகள் வரப்பெல்லாம் நின்றார்கள். மேடம் செடிகளைத் தடவிப் பார்த்துச் சிரித்த முகமாக இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மேட்டு நிலத்துக்காரர் முந்திக்கொண்டார். மூக்கைத் தூக்கி ஒருமுறை இழுத்தார்.

"மொதல்ல நானே சிரிச்சேன் மேடம். இப்ப சொல்றேன், கஷாயம்னா இதான் கஷாயம். நல்லா மருந்து மாதிரியே வாடை வருது. எங்க நெலத்துக்கும் இவனையே அடிக்கச் சொல்றேன்."

மேடம் சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏமய்யா? ஏம் வாசன? நிஜம் செப்பு." என்ன வாடை இது, உண்மையைச் சொல் என்றார்.

காற்று அடித்துவிட்டுப் போயிருக்கும், பக்கத்து நிலத்து வாடை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்பிவிடுவார்கள். அவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்.

"நான்தான் மேடம் ஒரு மூடி மருந்து ஊத்தினேன். அவளுக்குத் தெரியாது. வாடை இல்லன்னா யாரும் நம்பல, அதான்."

வரப்பில் சிலர் சிரித்தார்கள், சிலர் அப்போதே கிளம்பினார்கள். ஒருவன், "மருந்து இல்லாம ஒன்னும் ஆவாதுன்னு நான் அப்பவே சொல்லல?" என்று சொல்லிக்கொண்டே போனான். அதைக் கேட்கத்தான் எனக்கு வலித்தது. மேட்டு நிலத்துக்காரர் மட்டும் வெகுநேரம் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்தில்லா நிலம் என்று எழுதி எங்கள் வரப்பில் நட்டிருந்த பலகையை மேடம் பிடுங்கச் சொன்னார். நான்தான் பிடுங்கினேன். நிலையம் வேறு ஊருக்குப் போயிற்று. அந்தப் போகத்துக் காயெல்லாம் சாதாரணச் சந்தைக்குப் போயிற்று. இவர் பழையபடி கூலிக்கு அடித்தார், பழையபடி வந்து படுத்தார். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேடத்துக்குப் போன் செய்தேன். விட வேண்டாம் என்றார். திருப்பதிக் கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டாராம்: நிலக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம், பெண்களுக்குக் கொடுத்தோம், டேங்கை முதுகில் சுமக்கிறவனை ஒருநாளாவது கூப்பிட்டோமா? அவன் கையில்தானே எல்லாம் இருக்கிறது? நியாயமான கேள்வி. அவர் கேட்கும் வரை எனக்கே தோன்றாதது. இத்தனைக்கும் நான் அந்த ஆளுக்குச் சோறு போடுகிறவள்.

அடுத்த போகத்தில் மருந்து அடிக்கிறவர்களுக்கென்றே பயிற்சி வைத்தார்கள். உடம்பில் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பூச்சி நல்லது, எது கெட்டது என்று காட்டினார்கள். கூலிக்கு அடிக்கிறவன் கஷாயம் அடித்தாலும் திட்டத்திலிருந்து கூலி என்று ஒரு ஏற்பாடு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிலர் கூலியை வாங்கிக்கொண்டு மருந்தையே அடித்தார்கள். டிரோன் வரப்போகிறது, இனி ஆளே வேண்டாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. நாங்கள் எங்கள் நிலத்தில் மறுபடி கத்தரி வைத்தோம். இந்த முறை விளைச்சல் சுமார்தான், ஆனால் இலைக்கு அடியில் வண்டு இருந்தது.

ஒருநாள் மேட்டு நிலத்துக்காரர் எங்கள் வாசலுக்கே வந்தார். அதுவரை அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"கெணத்தாண்ட இருக்கிற துண்டு நெலத்துக்கு இந்த தபா கஷாயம் அடிச்சிக் குடுப்பா. மூடி கீடி ஊத்தாத."

"வாடை வராதுங்க" என்றார் இவர்.

"தெரியும். ஊரே நிக்கிறப்ப ஊத்தினேன்னு சொன்னவன் ஊத்தலன்னு சொன்னா நம்ப மாட்டனா?"

அடித்த அன்று சாயங்காலம் நானும் வரப்பில் இருந்தேன். பெரியவர் வந்து நின்றார். பழக்கதோஷம், மூக்கு தானாக மேலே போயிற்று. கஷாய நாற்றமும் காற்றில் கரைந்துவிட்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் டேங்கின் தெளிப்புக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். பெரியவர் மூக்கை இறக்கி, மெல்லக் குனிந்து, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். வண்டு இருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லுக்கு இவர் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்த்தேன்.

மற்ற நிலக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியது பிறகு. இன்னும் பாதிப் பேர் மருந்துதான் அடிக்கச் சொல்கிறார்கள். அந்த நிலங்களுக்கு இப்போது இவர் போவதில்லை, வேறு ஆட்கள் போகிறார்கள். அந்த ஆட்களின் வீட்டுப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கும். அவர்களிடமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அடுப்பில் குழம்பு, நான் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். கதவருகில் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. சங்கத்துப் பெண் யாராவது பணம் கட்ட வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான் மே" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சட்டையைப் போட்டபடியே உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார்.